தோட்டத்தை வரைந்து வீட்டு வாடகை கட்டுவது எப்படி

"பூ வரையறீங்களா? நல்ல பொழுதுபோக்கு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால் செம்பருத்தி வாடிவிடும். நான் 14 வருடமாகச் சென்னையில் தோட்டங்களை மட்டுமே வரைந்து பிழைக்கிறேன். மொட்டைமாடியில் 25 தொட்டி, கீழே இரண்டு அறை, அதில் ஒன்று பாதி நேரம் காய்ந்துகொண்டிருக்கும் காகிதங்களுக்கு. பெரிய பேர் எல்லாம் வாங்கவில்லை, ஆனால் வாடகை தவறியதில்லை. இந்த வழிக்கு வர நினைக்கும் பெண்கள் அடிக்கடி கேட்கும் விஷயங்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் மூச்சு மிச்சம்.

முதல் பாடம் ஓவியப் பாடமே இல்லை, கடிகாரம். பிழைப்புக்குத் தோட்டம் வரைபவள் பூவின் நேரத்துக்குத்தான் வேலைக்குப் போகவேண்டும். தாமரை காலையில் விரிந்து வெயில் ஏற ஏறக் குவிய ஆரம்பித்துவிடும். பவழமல்லி இரவில் பூத்து விடியும்போது தரையில் கிடக்கும், மரத்தில் பூவோடு வரையவேண்டும் என்றால் டார்ச் லைட்டோடு போகவேண்டும். அந்திமந்தாரை நாலு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும், மல்லிகை இருட்டவேண்டும். செம்பருத்திக்கு ஒரே நாள் ஆயுள். ஆக, "சமையல் முடிச்சு, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனதும் பத்து மணிக்கு உட்காரலாம்" என்ற திட்டம் இந்தத் தொழிலில் எடுபடாது. நம்ம ஊரில் பத்து மணிக்கு வெயில் உச்சந்தலையில் இறங்கும், நிழல் எல்லாம் செடிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், பச்சை முழுக்க வெளுத்துத் தட்டையாகத் தெரியும். காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை நாலிலிருந்து ஆறு, இதுதான் தோட்ட நேரம். நடுப்பகல் முழுக்க வீட்டு மேசை, கணக்கு, பார்சல், தூக்கம்.

பழகுவதற்கு ஒரு பூ சொல்லட்டுமா? பூவரசு. அதற்காக எந்தப் பூங்காவுக்கும் போகவேண்டாம், தெருமுனையிலேயே ஒரு மரம் நிற்கும். காலையில் அன்று விரிந்த பூ ஒன்றைப் பாருங்கள், வெளிர் மஞ்சள், உள்ளே தொண்டைக்குள் கருஞ்சிவப்பாக ஒரு கறை. அதே பூவை மதியம் பாருங்கள், மஞ்சள் கொஞ்சம் கனத்திருக்கும். சாயங்காலம் ஆரஞ்சும் சிவப்பும் ஏறியிருக்கும். மறுநாள் வதங்கி, பழைய பட்டுப்புடவையின் ஓரம் மாதிரி மங்கிய செம்மையில் சுருண்டு தொங்கும். ஒரே பக்கத்தில் நாலு சின்னப் படம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் மணி எழுதி, பக்கத்திலேயே அந்த நிறத்தை எந்த இரண்டு வண்ணத்தில் கலந்தீர்கள் என்று ஒரு பட்டை தீட்டி வையுங்கள். நான் 9 வருடத்துக்கு முன் போட்ட அந்த ஒரு பக்கம் இதுவரை ஆறு படங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: படத்தை விற்கலாம், குறிப்புப் புத்தகத்தை விற்கவே கூடாது. யார் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும், பக்கத்தைக் கிழித்துக்கூடக் கொடுக்கக்கூடாது. அதுதான் நம் விதைநெல்.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், நவம்பர் மாதம் ஒருவர் வந்து சரக்கொன்றை வேண்டும் என்பார். கொன்றை பூப்பது ஏப்ரல், மே. "சித்திரைக்கு வாங்க" என்று சொன்னால் அவர் வேறு ஆளிடம் போய்விடுவார். கையில் நோட்டு இருந்தால் அன்றைக்கே ஆரம்பிக்கலாம். 300 வருடத்துக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் இருந்த ரேச்சல் ரோயிஷ் (1664–1750) என்ற அம்மாவின் பூங்கொத்துப் படங்களைப் பார்த்தால் இது புரியும். அந்தக் கால டச்சுப் பூப் படங்களில் வெவ்வேறு பருவத்தில் பூக்கும் பூக்கள் ஒரே ஜாடிக்குள் ஒன்றாக நிற்கும். நிஜத்தில் அப்படி ஒரு ஜாடி இருக்கவே முடியாது. ஒவ்வொரு பூவையும் அது பூத்த காலத்தில் பார்த்துக் கண்ணிலும் கையிலும் சேர்த்துவைத்திருந்தால்தான் அப்படி ஒரு படம் வரும். ரோயிஷின் அப்பா உடற்கூறியல், தாவரவியல் பேராசிரியர், ஊர்த் தாவரவியல் தோட்டத்தோடு தொடர்புள்ளவர், அதனால் அபூர்வச் செடிகள் பார்க்க மகளுக்குத் தடையில்லை. நமக்கு அப்பா அப்படி அமையவில்லை என்றால் பரவாயில்லை, நர்சரிக்காரரைச் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தொட்டி வாங்கினால் போதும், "அக்கா, புது அடீனியம் பூத்திருக்கு" என்று அவரே போன் பண்ணுவார்.

குறிப்பு நோட்டில் என்ன இருக்கவேண்டும்? தேதி, மணி, இடம். பூவின் நிஜ அளவு, ஸ்கேல் வைத்து அளந்து அதே அளவில் வரைந்தது. பூவின் முதுகு (எல்லோரும் முகத்தை மட்டும் வரைந்துவிட்டு வீட்டுக்கு வந்து முதுகுக்குத் திண்டாடுவார்கள்). காம்பு கிளையில் சேருகிற இடம். இலையின் அடிப்பக்கம், ஏனென்றால் காற்றடிக்கும்போது தெரிவது அதுதான். பூச்சி அரித்த இலை இருந்தால் அதையும் அப்படியே. மரியா சிபில்லா மேரியன் (1647–1717) என்ற ஜெர்மன் ஓவியர் பட்டுப்புழுவில் தொடங்கி புழு, கூடு, வண்ணத்துப்பூச்சி, அது தின்னும் செடி என்று பல வருடம் குறித்துவைத்த ஆய்வு நோட்டு இன்றைக்கும் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பத்திரமாக இருக்கிறது. பூச்சி தின்ற இலையை அழகில்லை என்று ஒதுக்காத பெண் அவர், அதனால்தான் அவருடைய படங்களில் செடி உயிரோடு இருக்கிறது.

போன் கேமரா போதாதா என்று கேட்பீர்கள். அமைப்புக்குப் போதும், நிறத்துக்குப் போதாது. சங்குப்பூவின் நீலத்தைப் பெரும்பாலான போன்கள் ஊதாவாக்கிக் காட்டும், சிவப்புச் செம்பருத்தியை ஒரே சிவப்புத் தீட்டலாகப் பொசுக்கிவிடும், இதழின் நரம்பு காணாமல் போகும். எனவே படம் எடுங்கள், ஆனால் நிறப்பட்டையைச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே தீட்டுங்கள்.

சரி, சாமான். எல்லாவற்றிலும் மலிவாகப் போகலாம், காகிதத்தில் போகாதீர்கள். விற்கிற படத்துக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முழுப் பருத்திக் காகிதம். மலிவான மரக்கூழ் காகிதம் சில வருடத்தில் மஞ்சளாகும், அப்போது வாங்கியவர் உங்களைத்தான் நினைப்பார். பச்சை நிறத்தை ட்யூபிலிருந்து அப்படியே எடுத்துப் பூசாதீர்கள், இரண்டு மஞ்சள், இரண்டு நீலம் வைத்துக் கலந்தாலே மாந்தளிரின் செம்புப் பச்சையைத் தவிர மற்றதெல்லாம் வந்துவிடும். தளிருக்குத் துளி சிவப்பு. சென்னைக் கோடையில் வாட்டர்கலர் பூசிய ஓரம் நாம் தொடுவதற்குள் காய்ந்து கோடு விழும். அதற்கு நான் செய்வது, காகிதத்தை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து ஒரு வழவழப்பான டைல் மேல் ஒட்டவைத்து வரைவது. அடியில் ஈரம் இருப்பதால் கூடுதலாகக் கொஞ்ச நேரம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர் எதிர்த் தொல்லை. எதுவும் காயாது, காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். அப்படிப் பிடித்த இடத்தில் பிறகு வண்ணம் வைத்தால் மையொற்றும் தாளில் வைத்த மாதிரி பொட்டுப் பொட்டாக உறிஞ்சிக்கொள்ளும். வெற்றுக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, வெளிச்சுவரைத் தொடாத அலமாரியில் வையுங்கள். கரையானைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டுமா என்ன.

இப்போது என் அவமானக் கதை. ஆறாவது வருடம் என்று நினைவு. ஒரு வீட்டுச் சுவர் முழுக்கப் படர்ந்த காகிதப்பூவை வரைந்து நல்ல விலைக்குக் கொடுத்தேன். அந்தக் கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்துக்கு ஓபரா ரோஸ், இருண்ட இடங்களுக்கு அலிசரின் கிரிம்சன். பார்த்தவர்கள் எல்லாம் "எப்படிங்க இந்த ரோஸ்!" என்றார்கள். ஒன்றரை வருடம் கழித்து அந்த வீட்டம்மா கூப்பிட்டார், குரலில் கோபம்கூட இல்லை, சங்கடம்தான் இருந்தது. போய்ப் பார்த்தால், மேற்குப் பார்த்த ஹாலில், மாலை வெயில் நேராக விழும் சுவரில் படம் தொங்குகிறது. இலையெல்லாம் அப்படியே இருக்கிறது, பூ மட்டும் ஆவி போன மாதிரி வெளிறிக் கிடக்கிறது. ஓபரா ரோஸில் அந்த மின்னலைக் கொடுப்பது வெளிச்சம் பட்டால் சீக்கிரம் செத்துப்போகும் ஒரு சாயம். அலிசரினும் வெளுக்கும் நிறம் என்று பேர்பெற்றது. இரண்டும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், ட்யூபின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் படத்தை முழுக்க மறுபடி வரைந்து இலவசமாகக் கொடுத்தேன். இப்போது ரோஸ், சிவப்புக்கெல்லாம் குயினாக்ரிடோன் வகை நிறமிகள்தான், ட்யூபில் பி.வி.19, பி.ஆர்.122 என்று எண் இருக்கும், வண்ணத்தின் அலங்காரப் பெயரைப் பார்க்காமல் அந்த எண்ணைப் பாருங்கள். புதிதாக எந்த வண்ணம் வாங்கினாலும் ஒரு நீளத் துண்டுக் காகிதத்தில் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் மூன்று மாதம் ஒட்டிவைத்துவிட்டுத்தான் விற்கும் படத்தில் பயன்படுத்துவேன். என் சமையலறை ஜன்னல் இப்போது கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி இருக்கிறது.

இனி காசு. பொதுவாக இதைப் பற்றி நம் பெண்கள் கேட்கவே கூச்சப்படுவார்கள், கடைசியில் "அப்புறம்... ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பிப்பார்கள்.

மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் அந்தக் காலப் பெண்களே நடந்து காட்டிவிட்டார்கள். முதல் வழி, பல சின்ன வரவு. மேரியன் ஜெர்மனியில் நூரம்பெர்க்கில் இருந்தபோது வீட்டுப் பெண்களுக்குப் பாடம் எடுத்தார், வண்ணம் விற்றார், எம்பிராய்டரி போடுவதற்கு மாதிரியாகப் பயன்படும் பூப் படத் தொகுப்புகளை அச்சிட்டு விற்றார். பிறகு 52 வயதில், தன் படங்கள் 255 ஐ விற்றுப் பணம் சேர்த்து, இளைய மகளைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரிநாமுக்குக் கப்பலேறினார், வருடம் 1699. சின்னச் சின்ன வரவு, ஒரு பெரிய கனவு. என் வீட்டுக் கதையும் ஏறக்குறைய அதேதான், கப்பல் மட்டும் இல்லை. சனிக்கிழமை காலை மாடியில் ஆறு பேருக்கு வகுப்பு, அந்தப் பணம் அரிசி பருப்புக்கு. அதை வேறு எதற்கும் தொடவே மாட்டேன் என்று முடிவு பண்ணிக்கொண்டதால்தான் படத்தை அடிமாட்டு விலைக்கு விற்கவேண்டிய அவசியம் வந்ததில்லை.

இரண்டாவது வழி, தவணை. லண்டனில் எலிசபெத் பிளாக்வெல் என்றொருவர். கணவன் கடனைக் கட்டமுடியாமல் சிறையில். கையில் பணம் இல்லை, படம் வரையத் தெரியும். மருந்துச் செடிகளுக்கு நல்ல படப் புத்தகம் தேவைப்படுகிறது என்று தெரிந்துகொண்டு, செல்சியா மருந்துச் செடித் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்துக் குடியேறிவிட்டார். செடியைப் பார்த்து வரைவது அவர், செப்புத் தகட்டில் செதுக்குவது அவர், அச்சான பிறகு கையால் வண்ணம் தீட்டுவதும் அவர். வாரத்துக்கு நாலு படம், 125 வாரம், மொத்தம் 500. 1737 முதல் 1739 வரை. ஒரே தடவையில் பெரிய புத்தகமாக விற்க நினைத்திருந்தால் பசியில் செத்திருப்பார்கள், வாரா வாரம் கொடுத்ததால் வாரா வாரம் காசு வந்தது. கணவனைச் சிறையிலிருந்து மீட்டார். (மீட்ட மனிதர் பிறகு ஸ்வீடனுக்குப் போய் அரசியல் சதி வழக்கில் மாட்டி 1747-ல் தலை வெட்டப்பட்டார். அது எலிசபெத்தின் தப்பு இல்லை.) இதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், மாதம் ஒரு பூ, சின்ன அளவு அச்சுப் படம், வருடச் சந்தா. 40 பேர் இருந்தாலே ஒரு மாதச் செலவில் நல்ல பங்கு கழிந்துவிடும், அதோடு "இந்த மாதம் என்ன வரைவது" என்ற குழப்பமும் இல்லை, பன்னிரண்டு பூவும் தைக்கே முடிவாகிவிடும்.

மூன்றாவது, குறைவாக வரைந்து நிறைய வாங்குவது. ரோயிஷ் 1708-ல் ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் அரசவை ஓவியரானார், ஆனால் அங்கே குடிபோகவில்லை, ஆம்ஸ்டர்டாமில் இருந்தபடியே வரைந்து அனுப்பினார். அந்தக் காலத்து ஒர்க் ஃப்ரம் ஹோம். பத்துப் பிள்ளை பெற்றவர். 1723-ல் குடும்பத்துக்கு லாட்டரியில் 75,000 கில்டர் (அந்தக் கால டச்சு நாணயம்) விழுந்தது, அதற்குப் பிறகும் 83 வயதில் படம் வரைந்து, தன் வயதைப் படத்திலேயே எழுதிவைத்தார். இந்த வழி எனக்கு இன்னும் முழுதாகக் கைகூடவில்லை, வருடத்துக்கு இரண்டு பெரிய ஆர்டர் வந்தால் அதிகம். இங்கே ஒரு எச்சரிக்கை. உலகமெல்லாம் சுற்றிச் செடிகளை வரைந்து, லண்டன் கியூ தோட்டத்தில் தனக்கென ஒரு கூடமே கட்டிக்கொடுத்த மரியான் நார்த்தைப் பார்த்து யாரும் கணக்குப் போடாதீர்கள். 832 படம் அங்கே சுவர் முழுக்கத் தொங்குகிறது, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அவர் வசதியான வீட்டுப் பெண், ஒரு படத்தை விற்றுத்தான் மளிகை வாங்கவேண்டும் என்ற நிலை அவருக்கு இல்லை.

விலை போடுவதற்கு நான் சதுர அங்குலக் கணக்கு வைத்திருக்கிறேன். பாதித் தாள் 15க்கு 22 அங்குலம், 330 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 25 ரூபாய் என்றால் 8,250. அதற்கு மேல் ஃபிரேம் செலவு தனி. இதே கணக்கைக் கால் தாளுக்குப் போட்டால் கட்டாது, அதற்கும் அதே அளவு யோசனை, அதே பூ, எனவே சின்னப் படத்துக்கு அங்குல விலையை ஏற்றிக்கொள்ளுங்கள். கேலரிக்காரர் கமிஷன் எடுப்பார், அதற்காக வீட்டில் ஒரு விலை கேலரியில் ஒரு விலை வைக்காதீர்கள், ஒரே நாளில் இரண்டு பக்கமும் பேர் கெட்டுவிடும். ஆர்டர் என்றால் பாதி அட்வான்ஸ், பென்சில் கோட்டில் இரண்டு தடவை மாற்றலாம், வண்ணம் வைத்த பிறகு மாற்றம் கிடையாது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் இந்த விதியை இன்னும் கண்டிப்பாகப் பிடியுங்கள்.

காகிதத்தில் இன்னொரு வரியும் எழுதி வாங்குங்கள், இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். ஒரு மலை விடுதிக்கு அவர்கள் தோட்டத்தையே நாலு படமாக வரைந்து கொடுத்தேன். மறு வருடம் ஒரு தோழி அங்கே தங்கிவிட்டு, சாப்பாட்டு மெனு அட்டையிலிருந்து சோப்பு உறை வரை நான் வரைந்த ஹைட்ரேஞ்சியா பூ இருப்பதாகப் படம் எடுத்து அனுப்பினாள். சண்டைக்குக் கிளம்பினேன், ஒரு வக்கீல்தான் உட்காரவைத்து விளக்கினார். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். நாமாக வரைந்து வைத்ததை ஒருவர் வந்து வாங்கினால் கதை வேறு, அப்போது அவருக்குப் போவது படம், பதிப்புரிமை நம்மிடமே நிற்கும், நாம் எழுதிக் கொடுத்தால் ஒழிய. ஆகவே ஆர்டர் சீட்டில் "மூலப் படம் மட்டும் வாடிக்கையாளருக்கு, பதிப்புரிமை ஓவியருக்கு" என்று ஒரு வரி, இரண்டு பேர் கையெழுத்து. அச்சடிக்க விரும்பினால் அதற்குத் தனி விலை. இதைக் கேட்டு இதுவரை ஓடிப்போன வாடிக்கையாளர் ஒருவர்தான்.

வெளியே போய் வரைவது பற்றி. பூங்காவில் தனியாக உட்காரும் பெண்ணுக்கு முதல் பிரச்சினை கலை இல்லை, கழிப்பறை, அதைப் பார்த்துவைத்துக்கொண்டு இடம் தேர்ந்தெடுங்கள். காலையிலேயே திறக்கும் பூங்காவில் திறந்தவுடன் போய்விட்டால் நடைப்பயிற்சிக்காரர்கள்தான் இருப்பார்கள், நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மே மாத மலர்க்காட்சி சமயத்தில் வரையப் போகாதீர்கள், பூவைவிடத் தலைதான் தெரியும். மடக்கு ஸ்டூல், கொசு மருந்து, முழுக்கைச் சட்டை, இரண்டு தண்ணீர் பாட்டில், அதில் குடிக்கிற பாட்டிலுக்கு மட்டும் சிவப்பு ரப்பர் பேண்ட். நான் பிரஷ் கழுவின தண்ணீரைக் குடித்திருக்கிறேன், ருசி சொல்லும்படி இல்லை. சுவரோ மரமோ முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள், பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள் தொல்லை பாதி குறையும். காவலாளியிடம் முதல் நாளே வணக்கம் சொல்லி என்ன செய்கிறீர்கள் என்று காட்டிவிடுங்கள், மூன்றாம் நாள் அவரே இடம் பிடித்து வைப்பார்.

எட்டிப் பார்ப்பவர்களில் ஒருவரை மட்டும் விரட்டாதீர்கள். எங்கள் தெருக்கோடியில் பூக்கட்டி விற்கும் ஆயா ஒருத்தர் இருக்கிறார். ஒருநாள் நான் முடித்து எடுத்துப்போன மல்லிகைப் படத்தைப் பார்த்துவிட்டு, நாரைக் கையிலிருந்து விடாமலே சொன்னார், "ஏம்மா, காம்பே இல்லாம போட்டிருக்கியே, இதை எப்படித் தொடுக்கிறது?" வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து அளந்தேன். என் படத்தில் காம்பு நிஜத்தில் பாதிகூட இல்லை. அன்று ராத்திரி 17 மொட்டையும் திருத்தினேன். இப்போதெல்லாம் மல்லி, முல்லை, கனகாம்பரம் எதை வரைந்தாலும் அந்தக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக் காட்டிவிட்டு வந்துதான் கையெழுத்துப் போடுகிறேன். போன வாரம் கனகாம்பரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "இது தேறும்" என்றார், அதோடு ஒரு முழம் மல்லிக்கு இருபது ரூபாய் கூட வாங்கிக்கொண்டார்.